பெரணி அறையின் மூன்று வாரம்

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையில் கண்ணாடிக்கூடத்துக்குள் நுழைந்ததும் மூக்குக்கண்ணாடி முழுவதும் ஆவி. தினமும் இப்படித்தான். துடைக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நிற்பேன். பச்சையும் வெளிச்சமும் ஒன்றாகக் குழைந்து தெரியும். எது இலை, எது ஆள் என்று சொல்ல முடியாது. இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் பழைய வேலையை விட்டுவிட்டுச் செடிகளுக்கு நடுவில் வந்து உட்கார்ந்தேனோ என்று சில நாள் தோன்றும்.

மாடியில் இருக்கும் நாத்தனார் காபி குடிக்க மட்டும் கீழே வருவாள். என் வேலை என்னவென்று இன்று மறுபடி கேட்டாள். மெசேஜ் புரோக்கர் என்றேன்.

"வீடு பாத்துத் தர்ற புரோக்கர் மாதிரியா அண்ணி? கமிஷன் உண்டா?"

பொறுமையாகச் சொன்னேன். கூடத்தின் நடு அறையில் ஒரு புரோகிராம் இருக்கிறது. வெயிலையும் ஈரத்தையும் பார்த்து 'ஜன்னலைத் திற', 'திரையை இழு', 'தண்ணீர் தூவு' என்று நாளெல்லாம் சொல்லிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு செடி அறையிலும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர், சொன்னதைச் செய்யும். ஆனால் இரண்டும் நேராகப் பேசிக்கொள்ளாது. நடுவில் புரோக்கர். இங்கே வாங்கி, வரிசையில் வைத்து, அங்கே கொடுக்கும். அந்தப் புரோக்கரோடு எப்படிப் பேசுவது என்று ஒவ்வொரு புரோகிராமுக்கும் வாய் வைத்துக் கொடுப்பது கிளையன்ட் லைப்ரரி. அதைப் பொருத்துவது நான்.

"அப்போ அவங்க ரெண்டு பேரும் முகம் பாத்துப் பேசிக்கவே மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

"நீங்களும் எங்க அண்ணனும் மாதிரி" என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவாமல் போய்விட்டாள். வாய் மட்டும் இல்லையென்றால் அவளை நாய் தூக்கிக்கொண்டு போய்விடும்.

அவள் அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், கப்பலில் சமையல்காரர். கடலின் ஆழத்தை அளக்கும் கப்பல். அவருடைய போன் போன மாதம் கொதிக்கிற எண்ணெயில் விழுந்து செத்துப்போனது. இப்போது கப்பல் மெயில்தான்.

சமையலறைக் குழாய் சொட்டுகிறது.


பிப்ரவரி 5, வியாழன்

திட்டு வாங்கினேன். நியாயமான திட்டு.

ஆர்க்கிட் அறைக்கு 'தண்ணீர் தூவு' போனது. அந்த அறைக் கம்ப்யூட்டர் வாங்கிக்கொண்டது, வாங்கிய கையோடு படுத்துவிட்டது. திரும்ப எழுந்தபோது அதற்கு எதுவும் நினைவில்லை. புரோக்கரோ 'கொடுத்தாச்சு' என்று வரிசையிலிருந்து அடித்துவிட்டது. காரணம் நான்தான். லைப்ரரியில் ஒரு வசதி உண்டு: செய்தி கைக்கு வந்ததுமே, வேலை நடந்ததா இல்லையா என்று பார்க்காமல், தானாகவே 'கிடைத்தது' என்று சொல்லிவிடும். அதை அப்படியே விட்டிருந்தேன்.

கூடத்தின் பொறுப்பாளர் வந்து பார்த்தார். பாசியைப் பற்றியே ஆராய்ச்சி செய்து முடியும் வெளுத்துப்போனவர். எல்லோருக்கும் அவர் பாசி மேடம். குரலை உயர்த்தவே இல்லை. சுருங்கிய மொட்டு ஒன்றை உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

"நான் சொல்ற ஒரு வார்த்தைகூட வழியில தொலையக்கூடாதும்மா. முடியுமா?"

முடியும் என்றேன். சாயந்திரத்துக்குள் முடித்தும் விட்டேன். இனிமேல் வேலையைச் செய்து முடித்த பிறகுதான் 'கிடைத்தது'. அதுவரை செய்தி வரிசையிலேயே இருக்கும். மின்சாரம் போனாலும் இருக்கும். இடி விழுந்தாலும் இருக்கும். வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கே என்மேல் ஒரு மரியாதை.


பிப்ரவரி 10, செவ்வாய்

அவரிடமிருந்து மெயில். அலைகளைப் பற்றி நாலு வரி, புதிதாக வந்த கேப்டன் வெங்காயமே சாப்பிடமாட்டார் என்று ஆறு வரி. கடைசியில் போகிறபோக்கில்: "இன்னும் ஆறு மாசம் இருக்க முடியுமான்னு கேக்கறாங்க. அடுத்த துறைமுகத்துல, மார்ச் பதினொண்ணு, ஏஜென்ட் பேப்பர் கொண்டு வருவாராம். நீ என்ன சொல்றே?"

நான் என்ன சொல்றேனா? இந்தப் பயணத்தோடு சரி, பள்ளிக்கூடச் சமையலறையில் இடம் கேட்டு வைத்திருக்கிறேன் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனவர். நான் நாட்காட்டியைக்கூடப் பார்ப்பதில்லை, பார்த்தால் நாள் நகராது என்று. இவ்வளவு நாள் ஆசையை நாக்குக்குக் கீழே அடக்கி வைத்திருந்தால் — 'நீ என்ன சொல்றே'வாம்!

உட்கார்ந்தேன், தட்டினேன், அனுப்பினேன். நடுவில் மூச்சுகூட விட்டேனா தெரியவில்லை.

"தாராளமா இருந்துக்கோங்க. கையெழுத்து போட்டுடுங்க. இங்க உங்களுக்காக யாரும் காத்துக்கிட்டு இல்ல."

அனுப்பிய பிறகு பசித்தது. சாப்பிட்டேன்.


பிப்ரவரி 12, வியாழன்

கப்பல் கம்பெனியிலிருந்து எல்லாக் குடும்பங்களுக்கும் அறிவிப்பு. புயலில் ஆன்டெனா உடைந்துவிட்டது, ஆட்கள் நலம், கப்பல் நலம், அவசரத்துக்கு ரேடியோ இருக்கிறது. மெயில் மட்டும் துறைமுகத்தில் போய்ப் பழுது பார்த்த பிறகு. பத்தாம் தேதிக் காலைக்குப் பிறகு எதுவும் போய்ச் சேரவில்லை.

நான் அனுப்பியது பத்தாம் தேதி மாலை.

அப்படியானால் அது அவருக்குக் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்றால் சொல்லாத மாதிரிதானே? பெரிய கண்டம் தாண்டிய நிம்மதி. மத்தியானம் வாழையறை ஓரத்தில் நின்று, பெரிய இலையிலிருந்து விழுந்த சொட்டுகளைத் தலையில் வாங்கிக்கொண்டேன்.


பிப்ரவரி 13, வெள்ளி

பெரணி அறையில் வயரிங் மாற்றும் வேலை தொடங்கியது. எலக்ட்ரீஷியன் அண்ணனை 'வோல்ட்டு' என்றுதான் கூப்பிடுவார்கள், அவருக்கும் அதில் கொஞ்சம் பெருமை. மூன்று வாரத்துக்கு அந்த அறைக்கு மட்டும் மின்சாரம் கிடையாது. ஜன்னல்களை மூடிவிட்டுப் பாசி மேடமே ஹோஸ் பிடித்து நனைத்துக்கொள்கிறார்.


பிப்ரவரி 16, திங்கள்

அவருக்கு எழுதினேன். எப்போதாவது கிடைக்கட்டும். குழாய் சொட்டுவது பற்றி.


பிப்ரவரி 20, வெள்ளி

புரோக்கரின் திரையில் ஒவ்வொரு அறைக்கும் ஒரு எண். எத்தனை செய்தி காத்திருக்கிறது என்று. எல்லா அறைக்கும் பூஜ்யம். பெரணி அறைக்கு மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. நடு அறைப் புரோகிராமுக்கு யார் சொன்னார்கள் அங்கே ஆளில்லை என்று? அது பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது — திற, மூடு, தூவு, இருட்டாக்கு. ஒன்றுகூடத் தொலையவில்லை. அழகு என்று நினைத்துக்கொண்டு தேநீர் வாங்கப் போனேன்.


பிப்ரவரி 22, ஞாயிறு

மத்தியானத் தூக்கம். விழித்தபோது அறை முழுவதும் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் ஒரு வெளிச்சம். பக்கத்துத் தலையணை மடிப்புக் குலையாமல் இருந்தது. எழுந்து அவருக்கு ஒரு நீளமான மெயில். கோபத்தில் சொன்னது கோபத்தில் சொன்னதுதான், மனசில் உள்ளது இதுதான் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். இப்படி ஒன்று நான் எழுதியதே இல்லை. கல்யாணத்துக்கு முன்னால்கூட.


மார்ச் 6, வெள்ளி

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

பத்து மணிக்கு வயரிங் முடிந்தது. மேடம், நான், வோல்ட்டு அண்ணன் மூவரும் பெரணி அறையில். பொம்மைக்குச் சாவி கொடுப்பது மாதிரி அண்ணன் ஸ்விட்சைப் போட்டார். குட்டிக் கம்ப்யூட்டர் கண் விழித்தது, நான் பொருத்திய லைப்ரரி தானாகவே புரோக்கரைத் தேடிப் பிடித்தது, பச்சை விளக்கு எரிந்தது. மேடம் கைதட்டினார். நான் ஒரு சிரிப்புச் சிரித்தேன் பாருங்கள் — நினைத்தால் இப்போது முகம் எரிகிறது.

கூரைத் திரை விலகியது. சரி. மேல் ஜன்னல் திறந்தது. சரி. ஸ்பிரிங்க்ளர்கள் பூப்போல நீரைத் தூவின. ஜன்னல் மூடியது. திரை மூடியது. அறை இருண்டது.

உடனே மறுபடி திரை விலகியது.

"என்னம்மா இது, டெஸ்ட்டா?" என்றார் மேடம்.

டெஸ்ட் இல்லை. அது பிப்ரவரி பதின்மூன்று. இப்போது ஓடுவது பதினான்கு. மூன்று வாரமாக அந்த அறைக்குச் சொன்ன எல்லாமும் சொன்ன வரிசையில், ஒன்றன்பின் ஒன்றாக, அதன் காதில் விழுந்துகொண்டிருந்தது. காலை வந்தது, மழை வந்தது, காற்று வந்தது, மாலை வந்தது, மறுபடி காலை. பெரணிகள் ஒவ்வொரு விடியலுக்கும் பளபளத்தன. எங்கள் நிழல்கள் தரையில் தோன்றித் தோன்றி மறைந்தன. முந்தின வாரம் ஒரு வெக்கையான நாள் இருந்ததே, அது வந்தபோது எல்லா ஜன்னல்களும் ஒரேயடியாகத் திறந்தன. வெளியே இன்றைக்கோ எலும்பைத் துளைக்கும் மலைக்குளிர்.

நான் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. நனைந்தபடி, வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். இவ்வளவு அழகாக எதுவும் என் கையால் நடந்ததில்லை, இவ்வளவு தப்பாகவும்.

வோல்ட்டு அண்ணன் பதறிப்போய் ஸ்விட்சை அணைத்தார். அமைதி. சொட்டுச் சத்தம் மட்டும். "ஷார்ட்டா இருக்கும்" என்று முணுமுணுத்துவிட்டு மறுபடி போட்டார். விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தது. நின்றுபோன அதே ஜன்னலைத் திறப்பதிலிருந்து! எத்தனை முறை அணைத்தாலும் அப்படித்தான் செய்யும். செய்து முடிக்காததை மறக்காதே என்று நான்தானே சொல்லிக் கொடுத்தேன்.

அப்போதுதான் என் காலுக்கு உயிர் வந்தது. ஈர உடையோடு அலுவலகத்துக்கு ஓடி அந்த வரிசையை மொத்தமாகக் காலி செய்தேன். திரும்பி வந்தபோது அறை இன்றைய தேதியில் நின்றிருந்தது. ஒரு ஜன்னல் மோட்டார் கருகியிருந்தது. கண்ணாடித்தாள் போன்ற இலையுள்ள பெரணி ஒன்று குளிரில் சுருண்டுவிட்டது.

"ஒரு வார்த்தைகூடத் தொலையக்கூடாதுன்னு நான்தான் சொன்னேன்" என்றார் மேடம், முகத்தைத் துடைத்துக்கொண்டே. "ஆனா பழைய வார்த்தையை இப்போ வந்து சொல்லுன்னு சொல்லலையே."

தலையாட்டினேன். சுருண்ட இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

என் மெயில்கள்.

கிடைக்கவில்லை என்றால் சொல்லாத மாதிரி என்று எந்த முட்டாள் எழுதினாள்? எல்லாம் கம்பெனி சர்வரில் பத்திரமாகக் காத்திருக்கின்றன. பதினோராம் தேதி ஆன்டெனா எழுந்ததும் வரிசையாக இறங்கும். முதலில் இறங்குவது: 'கையெழுத்து போட்டுடுங்க.'


மார்ச் 7, சனி

கப்பல் கம்பெனிக்குப் போன் செய்தேன். ஒரு பெண் குமாஸ்தா எடுத்தாள். பத்தாம் தேதி மெயிலைத் திரும்ப எடுக்க வேண்டும் என்றேன்.

"அனுப்பினா அனுப்பினதுதான் மேடம். எங்க கையில இல்ல."

"அப்போ ரேடியோல ஒரு தகவல் மட்டும் சொல்ல முடியுமா?"

"உயிர் போற விஷயம்னா சொல்லலாம். உயிர் போற விஷயமா?"

யோசித்தேன். நியாயமாக யோசித்தேன். "இல்ல" என்றேன். அவளுக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். "எல்லாம் நல்லபடியா முடியும் மேடம்" என்றுவிட்டு வைத்தாள்.

நாத்தனார் காபியோடு உட்கார்ந்து கேட்டாள். "கடைசி மெயில்ல கையெழுத்து போடாதீங்கன்னு எழுதிட்டா போச்சு. அண்ணன் எல்லாத்தையும் படிச்சுட்டுத்தானே முடிவு பண்ணும்?"

அவள் அண்ணனை அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவர் சமையல் குறிப்பு படிக்கிற விதத்தில்தான் எதையும் படிப்பார். ஒரு வரி படிப்பார், அதைச் செய்வார், பிறகுதான் அடுத்த வரி. கல்யாணமான புதிதில் ஒரு பத்திரிகைக் குறிப்பைப் பார்த்துச் செய்தார். கடைசி வரியில் 'இதற்கு உப்பு தேவையில்லை' என்று இருந்தது. அதற்குள் இரண்டு கரண்டி போட்டாகிவிட்டது. அன்று சிரித்துக்கொண்டே முழுவதும் சாப்பிட்டோம்.

இப்போது சிரிப்பு வரவில்லை. முதல் மெயிலைப் படிப்பார், முகம் சின்னதாகும், எழுந்து போய்க் கையெழுத்துப் போடுவார். பிறகு வந்து உட்கார்ந்து, என் மனசு முழுவதும் இருக்கிற அந்த நீள மெயிலைப் படிப்பார்.

ஆறு மாசம். என்னால முடியாதுப்பா. சத்தியமா முடியாது.

இருந்தாலும் ஒன்று அனுப்பினேன், 'முதலில் இதைப் படிக்கவும்' என்று தலைப்புப் போட்டு. வரிசையில் கடைசியில் போய் நிற்கும்.


மார்ச் 8, ஞாயிறு

கனவு. பெரணி அறைக்குள் அவருடைய கப்பல் மெதுவாக நகர்ந்து வந்தது. இலைகள் இருபுறமும் விலகி வழிவிட்டன. அவர் மேல்தளத்தில் நின்று எதையோ கிளறிக்கொண்டிருந்தார். நான் கூப்பிட்டேன். போன மாதம் கூப்பிட்ட குரல்தான் அவருக்குக் கேட்டது, இன்றைக்குக் கூப்பிட்டது கேட்கவில்லை.


மார்ச் 9, திங்கள்

திருத்தினேன். இரண்டே மாற்றம். ஒன்று, இனி ஒவ்வொரு செய்திக்கும் காலாவதி நேரம் உண்டு. 'ஜன்னலைத் திற' என்பது கால் மணி நேரத்துக்குள் கொடுக்கப்படாவிட்டால் புரோக்கரே தூக்கிப் போட்டுவிடும். இரண்டு, எந்த அறையாவது உறங்கி எழுந்தால், பழைய கட்டளைக்குக் காத்திருக்காமல் நடு அறையிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கும்: இப்போது நான் எப்படி இருக்க வேண்டும்?

மேடம் பக்கத்தில் நின்று பார்த்தார். மூன்று முறை அணைத்துப் போட்டுக் காட்டினேன். அறை ஒவ்வொரு முறையும் அமைதியாக எழுந்து இன்றைய வெயிலுக்குத் திரையைச் சரிசெய்துகொண்டது.

"இதை முதல்லயே பண்ணியிருக்கலாமே" என்றார்.

"பண்ணியிருக்கலாம் மேடம்."

சுருண்ட பெரணியின் அடியில் ஒரு புதுச் சுருள் எட்டிப் பார்க்கிறது என்று காட்டினார். குழந்தையின் மூடிய விரல் மாதிரி இருந்தது.


மார்ச் 11, புதன்

இன்று.

வேலைக்குப் போனேன், ஆவியில் நின்றேன், எதையும் தொடவில்லை. கப்பல் காலையிலேயே துறைமுகம் சேர்ந்துவிட்டது என்று கம்பெனித் தளத்தில் போட்டிருக்கிறது. மெயில் இறங்கியிருக்கும். ஏஜென்ட் ஏறியிருப்பார்.

மத்தியானம். ஒன்றுமில்லை.

இன்னும் ஒன்றுமில்லை. போட்டிருப்பார். பேனாவை மூடியிருப்பார்.

மூன்று மணிக்கு வந்தது. அப்படியே இங்கே எழுதிவைக்கிறேன்.

"உன் மெயில் நாலஞ்சு ஒரே நேரத்துல வந்து விழுந்துச்சு. முதல்ல இருந்ததைப் படிச்சேன். பேனா கேட்டு வாங்கிட்டேன். கண்ணு கலங்கி எழுத்து தெரியல, துடைச்சுட்டுப் பாத்தா மேல தேதி. ஒரு மாசம் முன்னாடி. என் பழக்கம் உனக்குத் தெரியும், தேதி போன பாலை நான் மோந்துகூடப் பாக்கமாட்டேன், ஊத்திடுவேன். அதான் மீதியைத் தலைப்புகூடப் படிக்கல. எல்லாத்தையும் அழிச்சுட்டேன். இப்போ எப்படி இருக்கே? அதை மட்டும் சொல்லு. ஏஜென்ட் அஞ்சு மணி வரைக்கும் இருப்பார்."

இரண்டு முறை படித்தேன். மூன்றாம் முறை படிக்கும்போது கோபம் வந்தது. ஊத்திட்டாரா? எல்லாத்தையுமா? அந்த நீள மெயிலையும் சேர்த்தா! அதை மறுபடி எழுத என்னால் ஆகுமா? ஒரு வரிகூட நினைவில்லை. ஒரு தடவைதான் அப்படி வரும்.

பிறகு, வாழையறையில், யாரும் பார்க்காத மூலையில், வாய்விட்டு அழுதேன். சந்தோஷம்தான்.

பதில் எழுத உட்கார்ந்தேன். இப்போ எப்படி இருக்கே. சுலபமான கேள்வி மாதிரித்தான் தெரிகிறது. 'நன்றாக இருக்கிறேன்' என்று தட்டினேன், அழித்தேன். 'உங்கள் இஷ்டம்' — அழித்தேன், அது பழைய வியாதி. நாலரை ஆகிவிட்டது. கண்ணாடிக்கு மேலே மேகம் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் இருந்ததை இருந்தபடி அனுப்பினேன்.

"இன்னும் கோபமாத்தான் இருக்கேன். காத்துக்கிட்டும் இருக்கேன். வாங்க."

நாலு ஐம்பதுக்கு ஒரு வரி வந்தது. "கிடைச்சுது. பேனாவைத் திருப்பிக் குடுத்துட்டேன்."


ஏப்ரல் 18, சனி

கப்பலில் இருபது பேருக்குச் சமைத்த கை, குறைய மாட்டேன் என்கிறது. அடுப்பில் பெரிய பானை நிறைய சூப். நாத்தனார் மாடிக்கு ஒரு வாளி கொண்டுபோயும் தீரவில்லை. பானையைத் திறந்ததும் என் மூக்குக்கண்ணாடி முழுவதும் ஆவி. துடைக்கவில்லை. அந்தக் குழைந்த வெளிச்சத்தில் இவர் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் தலையை நுழைத்து உட்கார்ந்திருப்பது மங்கலாகத் தெரிந்தது.

"இந்தக் குழாய் எப்பலேருந்து சொட்டுது?" என்றார் உள்ளேயிருந்து. "எனக்கு ஒரு வார்த்தை எழுதியிருக்கக்கூடாதா?"

எழுதினேன் என்றேன்.

ஸ்பேனர் நின்றது. தலையை வெளியே எடுத்து, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, தரையிலேயே சாய்ந்து உட்கார்ந்தார்.

"வேற என்னல்லாம் எழுதியிருந்தே?"

அடுப்பைக் குறைத்துவிட்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். குழாயிலிருந்து ஆரம்பித்தேன்.